இரண்டு சின்ன நாய்களோடு காரில் மதுரைக்கு வரலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். சென்னையிலிருந்து சொந்தக் காரில் மதுரைக்கு வருகிறீர்கள். கணவர், நீங்கள், உங்கள் அம்மா. கூடவே ஒரு பக், ஒரு ஷிட்சு. தை மாதத்தில் இரண்டு இரவு தங்கல். அம்மாவுக்கு மீனாட்சி தரிசனம் ஆக வேண்டும். உங்கள் இருவருக்கும் நாயக்கர் மகால், தெப்பக்குளம், முடிந்தால் கீழடி. நாய்களை விட்டுவிட்டு வர ஆளில்லை. இது நடக்கிற காரியமா, காரை எங்கே நிறுத்துவது, நாய்களை எங்கெல்லாம் கூட்டிப்போகலாம்?

நடக்கும். மதுரையில் இருப்பவன், வீட்டில் நாய் வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரே ஒரு விஷயத்தை முதலிலேயே முடிவு செய்துகொண்டால் பாக்கியெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்: கார் நாய்களுக்கு, ஆட்டோ கோவிலுக்கு. ஊரின் நடுவுக்குள் காரும் வரக்கூடாது, நாயும் வரக்கூடாது. ஊரைச் சுற்றியிருக்கும் இடங்களுக்குக் காரில் நாய்களோடு போங்கள். உள்ளே போவதென்றால் ஒருவர் அறையில் நாய்களோடு இருக்க, மற்றவர்கள் ஆட்டோ பிடித்துப் போய்வாருங்கள். இதை மாற்றி, "காரிலேயே கோவில் வரை போய்விடலாம், ஒருவர் காரில் நாய்களோடு உட்கார்ந்திருக்கட்டும்" என்று கிளம்பினால் பாதி நாள் மாசி வீதியிலேயே போய்விடும்.

ஏன் என்றால் இந்த ஊரின் அமைப்பு அப்படி. கோவிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். கோவிலுக்குள்ளேயே ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதற்கு அடுத்து ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்துத்தான் ஊர் வெளியே பரவியது. ஆக உள்வீதிகள் எல்லாம் தேர் ஓடுவதற்கும் ஆள் நடப்பதற்கும் போட்டவை. சித்திரை வீதிகளில் வண்டிகளுக்கு அனுமதியே இல்லை. மாசி வீதியில் அனுமதி உண்டு. ஆனால் சரக்கு இறக்கும் மினி வேன், மாட்டு வண்டி, புல்லட், பூக்கூடை தூக்கிய பாட்டி எல்லோருக்கும் அதே வீதிதான். வடக்கு ஆவணி மூல வீதியில் பல அடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறது. நாயில்லாமல் வருகிறவர்களுக்கு நல்ல வசதி. உங்களுக்கு அது உதவாது, ஏனென்றால் நிறுத்திவிட்டு நாய்களை என்ன செய்வீர்கள்?

காருக்குள் விட்டுவிட்டு "பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறோம்" என்பது மட்டும் வேண்டவே வேண்டாம். வெளியே 33 டிகிரி என்றால் வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் 43-ஐத் தொடும், அரை மணியில் 50-ஐத் தாண்டும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். பக், ஷிட்சு இரண்டும் மூக்குச் சப்பையான இனங்கள். மூச்சுப்பாதையே குறுகல் என்பதால் மற்ற நாய்கள் தாங்கும் சூட்டை இவை தாங்காது. தை மாதம்தானே என்று நினைக்காதீர்கள். மதுரையில் தை மாதத்து மதியமும் வெயில்தான்.

தேதி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தை என்றால் நல்ல தேர்வு, ஆனால் எந்த வாரம் என்பது முக்கியம். கார்த்திகை தொடங்கி மகர விளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். கோவிலைச் சுற்றி நிற்க இடம் இருக்காது. அதோடு பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு; ஊருக்கு வெளியே உள்ள சாலைகளும் நிரம்பும், விடுதிகளும் நிரம்பும். அதெல்லாம் அடங்கிய பிறகு வாருங்கள் என்று சொல்லலாம் என்று பார்த்தால், தைப்பூசத்தை ஒட்டி வண்டியூர் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா. அம்மாவுக்கு அது பார்க்க வேண்டிய காட்சி, சந்தேகமில்லை. நாய்களுக்கு அந்தப் பக்கமே ஆகாது. காலண்டரில் தைப்பூசத்தைப் பார்த்து, அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பின் தள்ளி, வார நாளாகப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளியும் ஞாயிறும் கோவில் வரிசை நீளம். சித்திரைத் திருவிழாவின்போது நாயோடு வருவதைப் பற்றி யாராவது கேட்டால் என் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம்.

தங்குமிடம்தான் உங்கள் பயணத்தின் உயிர்நாடி. ரயில் நிலையத்துக்கு எதிரே டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி பக்கம் லாட்ஜுகள் வரிசையாக இருக்கும். கோவிலுக்கு நடந்தே போகலாம் என்பதால் எல்லோரும் அங்கேதான் தேடுவார்கள். நீங்கள் தேடாதீர்கள். கார் நிறுத்தச் சிரமம், லிப்டில் நெருக்கடி, நாய் இறங்கி ஒன்றுக்குப் போக ஒரு சாண் மண் கிடையாது. பெரும்பாலும் யாத்திரிகர்கள் தங்குகிற இடங்கள். நாய் என்றாலே கையை விரித்துவிடுவார்கள். அழகர்கோவில் சாலை, கே.கே. நகர், அல்லது சுற்றுச்சாலையை ஒட்டிய பகுதிகளில் வளாகத்தோடு உள்ள விடுதியோ, சமையலறையோடு வாடகைக்கு விடும் வீடோ பாருங்கள். வீடு கிடைத்தால் அதுதான் என் முதல் ஓட்டு. தயிர் சாதமோ, கோழியை வெறும் தண்ணீரில் வேகவைத்த சோறோ நாய்களுக்கு நீங்களே செய்துகொள்ளலாம்.

முன்பதிவுத் தளங்களில் செல்லப்பிராணிக்கு அனுமதி உண்டு என்று போட்டிருந்தால் அதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். போன் போட்டுக் கேளுங்கள். "நாய் உண்டா" என்று கேட்டால் "உண்டு சார்" என்றுதான் வரும். இரண்டு நாய் என்பதைச் சொல்லுங்கள். அறைக்குள் விடுவார்களா, இல்லை வெளியே கூண்டா? கூடுதல் கட்டணம் ஒரு நாய்க்கா, ஒரு இரவுக்கா? கரண்ட் போனால் ஏசியும் ஜெனரேட்டரில் ஓடுமா, இல்லை விளக்கும் பேனும் மட்டுமா? தரைத்தள அறை கிடைக்குமா? கடைசிக் கேள்விதான் பலருக்கும் தோன்றாதது: அந்த வளாகத்திலேயே அவர்களுடைய காவல் நாய் இருக்கிறதா, இரவில் அவிழ்த்து விடுவார்களா? சொன்ன பதில்களை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போது பேசியவர் ஒருவர், நீங்கள் போய் இறங்கும்போது மேசையில் இருப்பவர் இன்னொருவர். இரவு ஒன்பது மணிக்கு இரண்டு நாய்களோடு வாசலில் நின்று வாதாட யாருக்கும் தெம்பு இருக்காது.

சாலைக்கு வருகிறேன். சென்னையிலிருந்து சுமார் 460 கிலோமீட்டர். விழுப்புரம், திருச்சி வழியாக முழுக்க நான்குவழிச் சாலை. நாயில்லாமல் ஏழு மணி நேரம் என்றால், நாயோடு ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் திருச்சியை நெருங்கிவிடலாம். கிளம்புவதற்கு முந்தைய மூன்று நான்கு மணி நேரத்தில் நாய்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போடாதீர்கள், வாந்தி எடுக்கும். வழக்கமாகக் காரில் வாந்தி எடுக்கும் நாய் என்றால் முன்கூட்டியே கால்நடை மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நமக்கு வாங்கி வைத்திருக்கும் மாத்திரையை உடைத்துக் கால்பங்கு கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. ஐந்து கிலோ உடம்புக்கு எது கால்பங்கு என்பது நமக்குத் தெரியாது.

மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் வருவதை விட்டுவிடுங்கள். கார் எதிலாவது மோதி ஏர்பேக் விரிந்தால் அந்தச் சின்ன உடம்பு நடுவில் சிக்கும். பின் சீட்டில் ஆளுக்கொரு கூடை, கூடையைச் சீட் பெல்ட்டால் கட்டுங்கள்; அல்லது கழுத்துப்பட்டையில் மாட்டாமல் உடம்பில் மாட்டும் ஹார்னஸ் போட்டு அதைப் பெல்ட்டோடு இணையுங்கள். அம்மா நடுவில் உட்கார்ந்தால் இரண்டும் அவர் பக்கம் தலை வைத்துத் தூங்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். எங்கே என்பதில் கவனம். சாலையோரப் பெரிய உணவகங்களின் பின்புறம் எலும்புக்காகக் காத்திருக்கும் நாய்க்கூட்டம் இருக்கும், அவற்றுக்கு அது சொந்த எல்லை. காலியாக உள்ள பெட்ரோல் பங்கின் ஓரம் அதைவிட நல்லது. கதவைத் திறக்கும் முன் கயிறு மாட்டிவிட்டீர்களா என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் நாய் தொலைவது பெரும்பாலும் அந்தக் கதவு திறக்கும் நொடியில்தான்.

மேலூர் தாண்டி ஒத்தக்கடை வரும். வலது பக்கம் நீளமாகப் படுத்திருக்கும் பாறை யானைமலை, அம்மாவிடம் காட்டுங்கள். அங்கிருந்து நேராக ஊருக்குள் விட்டால் மாட்டுத்தாவணி, அப்புறம் கோரிப்பாளையம். கோரிப்பாளையத்தில் எந்த நேரமும் நெரிசல்தான். அழகர்கோவில் சாலை, கே.கே. நகர் பக்கம் அறை என்றால் மாட்டுத்தாவணியோடு திரும்பிவிடலாம், கோரிப்பாளையம் வரை போக வேண்டியதே இல்லை. தெற்கிலோ கிழக்கிலோ தங்குகிறீர்கள் என்றால் உத்தங்குடியில் சுற்றுச்சாலையைப் பிடித்துவிடுங்கள். அது விரகனூர் வழியாகக் கப்பலூர் வரை ஊரைத் தொடாமல் போகும். தெப்பக்குளம், கீழடி இரண்டுக்குமே விரகனூர்தான் திருப்பம். சுற்றுச்சாலையை மனதில் பதித்துக்கொண்டால் மூன்று நாளும் நீங்கள் ஊருக்குள் கார் ஓட்ட வேண்டிய அவசியமே வராது.

இப்போது கோவில். நடை காலை 5 மணிக்குத் திறந்து பகல் 12.30-க்குச் சாத்துவார்கள், மாலை 4-க்குத் திறந்து இரவு 10 வரை. நீங்களும் அம்மாவும் விடிகாலை நாலே முக்காலுக்கெல்லாம் ஆட்டோவில் ஏறிவிடுங்கள், கணவர் நாய்களோடு இருக்கட்டும். அந்த நேரத்தில் கோவில் அம்மாவுக்கு நிம்மதியாக இருக்கும். கூட்டமில்லாமல் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து பேசிவிட்டு ஏழரைக்குள் அறைக்குத் திரும்பலாம். கணவர் முதல் நாள் இரவே தனியாகப் போகட்டும். ஒன்பது மணிக்கு மேல் பள்ளியறைப் பூஜைக்குச் சுவாமியைப் பல்லக்கில் அம்மன் சன்னதிக்குக் கொண்டுபோவார்கள். பகலில் வருகிற கூட்டம் அதைப் பார்ப்பதில்லை.

இதில் ஒரு சிக்கல் எல்லோருக்கும் உள்ளே போன பிறகுதான் உறைக்கும். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு கோவிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை. வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதாவது, நாய்களோடு காத்திருப்பவர் உங்களைக் கூப்பிட முடியாது. நீங்களும் "வரிசை நகரவில்லை, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்" என்று சொல்ல முடியாது. அதனால் காத்திருப்பவர் சித்திரை வீதியில் நிற்காமல் அறையில் இருப்பது மேல். திரும்பும் நேரத்தையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை மணிக்குள் வரவில்லை என்றால் சாப்பாடு போட்டுவிடு, மாத்திரை கொடுத்துவிடு என்பது வரை.

"சித்திரை வீதியில்தான் வண்டியே இல்லையே, நாய்களைத் தூக்கிக்கொண்டு கோபுரத்தை வெளியிலிருந்தாவது பார்க்கலாமே" என்று கேட்டிருந்தீர்கள். சட்டப்படி யாரும் பிடித்து நிறுத்துவார்களா என்பதைவிட, அங்கே வருகிற நூற்றுக்கணக்கானவர்கள் குளித்து விரதமிருந்து வெறுங்காலோடு நடக்கிறவர்கள் என்பதை நினையுங்கள். நாய் ஒரு தூணில் காலைத் தூக்கினால் முடிந்தது கதை. இன்னொன்று, கீழே பதித்திருப்பது கல். மதியம் கோவிலுக்குள்ளேயே ஆடி வீதியில் பக்தர்கள் குதிகாலைத் தரையில் படவிடாமல் தத்தித் தத்தி ஓடுவதைப் பார்த்தால் நாயின் பாதம் என்ன பாடுபடும் என்று புரியும். தார்ச் சாலையும் அப்படியே. புறங்கையை ஐந்தாறு வினாடி தரையில் வையுங்கள். உங்களால் முடியவில்லை என்றால் நாயாலும் முடியாது.

நாயக்கர் மகாலும் இதே கணக்குதான். 1636-ல் திருமலை நாயக்கர் கட்டியது. இன்று நிற்பது அந்தப் பழைய அரண்மனையில் கால்பங்குதான். அவருடைய பேரன் சொக்கநாதர் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பார்கள். உள்ளே நாய்க்கு இடமில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் எதிலுமே விலங்குகளைக் கொண்டுபோக விடமாட்டார்கள், அதில் கேட்டுப்பார்க்கவே ஒன்றுமில்லை. காலை ஒன்பது மணிக்குத் திறந்ததும் ஆட்டோவில் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். கீழடிக்குக் காரில் போகலாம், அரை மணிப் பயணம். ஆனால் அங்கேயும் 2023-ல் திறந்த அருங்காட்சியகத்துக்குள் மாறி மாறித்தான் போக வேண்டும். அப்போது வெளியே இருப்பவர் என்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு நிழலில் காரோடு இருக்க வேண்டும். காலையில் முதல் ஆளாகப் போனால் சமாளிக்கலாம், மதியம் என்றால் விட்டுவிடுங்கள். காந்தி அருங்காட்சியகம் தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் இருக்கிறது. அழகர்கோவில் சாலையில் தங்கினால் பக்கம். பத்தரை மணிக்கு ஒருவர் போய்வரலாம்.

சரி, நாய்களுக்கு என்னதான் மிச்சம்? இரண்டு இடங்கள் சொல்வேன்.

ஒன்று, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-ல் வெட்டியது, மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் பிறகு குளமானது என்று சொல்வார்கள். சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மாலையில் போகாதீர்கள். பஜ்ஜிக் கடை, சுண்டல், பலூன், பைக்கில் வட்டமடிக்கும் பிள்ளைகள் என்று திருவிழாவாக இருக்கும். காலை ஐந்தே முக்காலுக்கும் ஏழுக்கும் நடுவில் போங்கள். நடைப்பயிற்சி செய்கிறவர்கள் இருப்பார்கள், காரை ஓரமாக நிறுத்த இடம் இருக்கும், குளத்துக் காற்று வரும், நடுவில் மைய மண்டபத்தின் மேல் வெளிச்சம் விழும். பைகளை மறக்காமல் எடுத்துப் போங்கள். அள்ளி முடிச்சுப் போட்டுக் காரிலேயே கொண்டுவந்து அறைக் குப்பைத்தொட்டியில் போடுவது நல்லது.

இன்னொன்று, கீழக்குயில்குடி. தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைக்கு முன்னால் பிரியும் வழி. ஊரிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர். சமண மலையின் அடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய பெரிய ஆலமரங்கள், விழுது தரையைத் தொடும் நிழல். மலைமேல் பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. மேலே நாய்களைக் கொண்டுபோகக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடம். நீங்களும் கணவரும் மாறி மாறி ஏறி இறங்குங்கள். அம்மா ஆலமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். அடிவாரத்தில் இருப்பது ஊர்க்காரர்களின் அய்யனார் கோவில். அதன் பக்கம் நாய்க் கயிற்றைத் தளர விடாதீர்கள். இங்கே ஒரு மணி நேரம் இருந்தால் உங்கள் பக் குறட்டை விட்டுத் தூங்கும்.

அழகர்கோவிலுக்கும் பழமுதிர்சோலைக்கும் நாய்களோடு போகலாமா என்றால் எனக்குச் சம்மதமில்லை. அங்கே குரங்குகளின் ராஜ்ஜியம். கையில் பை இருந்தாலே பறிக்கிற கூட்டம். குரைக்கிற ஐந்து கிலோ ஷிட்சுவைப் பார்த்தால் என்ன செய்யும் என்று பரிசோதிக்க வேண்டாம். அரிட்டாபட்டியும் அழகான இடம்தான். ஆனால் அது 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அரிய வல்லூறுகளும் கழுகுகளும் வாழும் மலை. வளர்ப்பு நாய்களுக்கு அங்கே வேலையில்லை.

தெருநாய்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நான் சொன்ன விடிகாலைத் திட்டத்தின் பலவீனமே அதுதான். கூட்டம் இல்லாத நேரத்தில் தெரு அவற்றுடையது. ஒவ்வொரு முக்குக்கும் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் எல்லை. அதனால் அறையிலிருந்து நடந்தே கிளம்பிப் பத்துத் தெரு தாண்டாதீர்கள். காரில் போய் இறங்கி, அங்கேயே நடந்து, காருக்கே திரும்புங்கள். எதிரே ஒன்று வந்தால் ஓடாதீர்கள், உங்கள் நாயைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டாதீர்கள், அது குதிக்கத் தூண்டும். மார்போடு அணைத்து, முகத்தைத் துணியால் மறைத்து, பக்கவாட்டில் மெதுவாக நகருங்கள். முன்பக்கம் மாட்டிக்கொள்ளும் துணிப்பை ஒன்று இருந்தால் கை இரண்டும் ஓய்வாக இருக்கும். கடி பட்டுவிட்டால், நாயானாலும் மனிதரானாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுவதுதான் முதல் வேலை. மனிதர் என்றால் நேராகக் கோரிப்பாளையத்தில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனை. நாய்க்குத் தடுப்பூசி ஏற்கெனவே போட்டிருந்தாலும் மறுபடி ஊசி போட வேண்டியிருக்கும். அரசு கால்நடைப் பன்முக மருத்துவமனை தல்லாகுளம் பக்கம் இருக்கிறது. இரவில் திறந்திருக்கும் தனியார் மருத்துவமனை ஒன்றின் எண்ணைக் கிளம்பும் முன்பே கேட்டு வாங்கி, இருவர் போனிலும் போட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசிப் புத்தகம் காரில் இருக்கட்டும், சில விடுதிகள் கேட்பார்கள்.

உண்ணிக்கும் இப்போதே வழி பாருங்கள். கிராமத்துப் புல்லிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் நிறைய. உண்ணிக் காய்ச்சல் வந்தால் ரத்தத் தட்டணுக்கள் இறங்கிவிடும், சின்ன நாய்கள் சீக்கிரம் துவண்டுபோகும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் மருத்துவர் சொல்லும் மாத்திரையோ மருந்தோ கொடுத்துவிட்டு, தினமும் இரவில் காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் தடவிப் பாருங்கள். ஷிட்சுவுக்கு முடியைக் கொஞ்சம் குறைத்து வெட்டிக் கூட்டி வந்தால் இந்த வேலையும் சுலபம், அதற்கும் புழுக்கம் குறையும்.

சாப்பாட்டு விஷயத்தில் மதுரைக்காரர்களின் அன்புதான் ஆபத்து. பரோட்டாக் கடையில் பார்சல் வாங்கக் காரை நிறுத்தினால், "ஏண்ணே, அதுக்கு ஒரு துண்டு போடவா?" என்று சால்னாவில் தோய்த்த பரோட்டாவை நீட்டுவார்கள். மனம் கோணாமல் மறுத்துவிடுங்கள். சால்னா, சுக்கா, கறி தோசை எல்லாவற்றுக்கும் அடிப்படையே வெங்காயமும் பூண்டும். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்; பச்சையானாலும் வதக்கினாலும் ஒன்றுதான். நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் போனாலே பாதிப்புத் தெரியும் என்பது கணக்கு. உங்கள் ஷிட்சுவுக்கு அது ஏறக்குறைய ஒரு நடுத்தர வெங்காயம்தான். சுக்காவில் கிடக்கும் வெந்த எலும்பு நொறுங்கிக் குடலைக் கிழிக்கும். ஜிகர்தண்டா நீங்கள் குடியுங்கள், நாய்க்கு அவ்வளவு பாலும் சர்க்கரையும் ஒத்துக்கொள்ளாது. சட்னி தொடாத வெறும் இட்லி தாராளமாகக் கொடுக்கலாம், ஊர் முழுக்க எந்த நேரமும் கிடைக்கும்.

சத்தத்துக்கும் தயாராக வாருங்கள். இந்த ஊரில் திருவிழா இல்லாத நாளிலும் எங்காவது வேட்டு வெடிக்கும். முளைப்பாரி, பால்குடம், காதுகுத்துச் சீர்வரிசை, கட்சி ஊர்வலம், இறுதி ஊர்வலம் என்று எதற்கும் மேளமும் சரவெடியும் உண்டு. காரில் போகும்போது எதிரே ஊர்வலம் வந்தால் கண்ணாடிகளை ஏற்றி, பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்து, ஓரம் கட்டி நில்லுங்கள். அறையில் இருக்கும்போது பயந்தால் கட்டிலடியில் புகுந்துகொள்ளட்டும், வெளியே இழுக்க வேண்டாம். வீட்டிலிருந்து அதன் பழைய போர்வையைத் துவைக்காமல் எடுத்து வாருங்கள், வாசம் பழகியது என்பதால் அதில் சீக்கிரம் அடங்கும்.

போகுமிடமெல்லாம் கேள்வி கேட்பார்கள். "கடிக்குமா?", "இது என்ன சாதி?", "என்ன வெலைக்கு வாங்குனீக?" மூன்றும் வந்தே தீரும். சின்னப் பிள்ளைகள் கேட்காமலே கை வைத்துவிடும். "சாப்பிட்டுட்டு இருக்கும்மா, அப்புறம் தொடு" என்று சொல்லி நகர்வதுதான் சுலபம். ஆட்டோவில் நாயை ஏற்ற வேண்டி வந்தால் முதலில் கேட்டுவிடுங்கள். "மடியில வச்சுக்கிறீங்கன்னா ஏறுங்க" என்பவர்தான் அதிகம். மாட்டேன் என்பவரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம், அடுத்த ஆட்டோ பின்னாலேயே வரும்.

இதையெல்லாம் உங்கள் நாட்களில் பொருத்தினால் இப்படி வரும். முதல் நாள் மதியம் வந்து சேர்ந்து எல்லோரும் தூங்குங்கள். மாலையில் விடுதி வளாகத்திலேயே நாய்களை நடத்திவிட்டு, இரவு கணவர் மட்டும் கோவிலுக்குப் போய்வரட்டும். இரண்டாம் நாள் விடிகாலை நீங்களும் அம்மாவும் கோவில். அதே நேரம் கணவர் நாய்களோடு தெப்பக்குளம். பதினொரு மணிக்குள் மகாலை ஒருவர், காந்தி அருங்காட்சியகத்தை ஒருவர் முடித்துவிடலாம். பதினொன்று முதல் நான்கரை வரை அறைக்கதவைத் திறக்காதீர்கள். மாலை ஐந்து மணிக்குக் கீழக்குயில்குடி. மூன்றாம் நாள் அறையைக் காலி செய்துகொண்டு கீழடி, அங்கிருந்து சுற்றுச்சாலையிலேயே ஒத்தக்கடை வந்து திருச்சி வழி. ஒன்றை விடத்தான் வேண்டும் என்றால் கீழடியை விடுங்கள். திரும்பும் பயணம் மதியத்தில் விழாமல் இருப்பது அன்றைக்கு அதைவிட முக்கியம்.

ஒரே ஒரு எச்சரிக்கை பாக்கி. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக வழிந்து, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. மருத்துவமனை தேடி ஓடும் முன் அங்கேயே குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றுங்கள். வயிறு, அக்குள், பாதம் எல்லாம் நனையட்டும். ஐஸ் தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம், கையிலிருக்கும் பாட்டில் தண்ணீரே போதும். ஈரத் துண்டால் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். ஏசியை முழுதாக வைத்து, காற்று நேராகப் படும்படி பிடித்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். காரில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று தனியாக இதற்கென்றே இருக்கட்டும், குடிப்பதற்கு வேறு.

விடுதியில் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள். எந்தப் பகுதி என்று தெரிந்தால் அங்கிருந்து தெப்பக்குளத்துக்கு எந்த வழி, காலையில் எந்தத் தெருவில் நாய்த் தொல்லை குறைவு என்று சொல்கிறேன்.